மூன்றாவது பொட்டு

ஆயுத பூசையன்று கடையைத் திறந்து வைத்திருக்கிறவன் ஒன்று பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், இல்லை நெல்லித்தோப்பு ஜானகிராமனாக இருக்க வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாழைக்கன்றுக்கும் சாம்பிராணிப் புகைக்கும் நடுவே உட்கார்ந்து பொரிகடலை மென்றுகொண்டிருந்தார் மனிதர். கார்களுக்கான பெட்ரோல் பம்பு, இன்ஜெக்டர், அதற்கு வேண்டிய ரப்பர் சாமான் எல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். சிவசங்கரி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் குனிந்து உள்ளே நுழைந்தாள். கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தது போல இருந்தது அவளுக்கு.

“என்னாம்மா, பூசை நாளும் அதுவுமா?”

“இது ஒண்ணு வேணும்ணே.” உள்ளங்கையை விரித்தாள். குழந்தை மோதிரம் அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். ஓரத்தில் நகத்தால் கிள்ளியது போல ஒரு வெட்டு.

ஜானகிராமன் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “மாட்டும்போது வெட்டுப்பட்டுப்போச்சா?”

“ஆமாண்ணே. பைப்ப அறுத்துப் பிசிறெல்லாம் எடுத்தேன். ஒரு எடத்துல விட்டுட்டேன் போல.”

“நல்ல காலம், கண்ணுல பட்டுது. இதோட ஓட்டியிருந்தா என்னா ஆவும்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டப்பாக்களைத் துழாவப் போனார். என்ன ஆகும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டு ஓரம் சிவசங்கரியும் அவள் புருஷன் பிரேம்குமாரும் ஒரு ஷெட் நடத்துகிறார்கள். டிங்கர் வேலையும் பெயிண்டும் அவனுக்கு, இன்ஜின் அவளுக்கு. பொம்பளை ஸ்பேனர் பிடித்தால் வண்டி பாதி ரோட்டில் கோபித்துக்கொண்டு நின்றுவிடும் என்று கேலி பேசினவர்களே இப்போது அவள் கைதான் வேண்டும் என்று வந்து நிற்கிறார்கள். ஊர் வாய் அப்படித்தான், மூடவும் மூடாது, சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளவும் கொள்ளாது.

மற்றவர்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டே தங்களுக்கென்று ஒன்றும் செய்துகொண்டிருந்தார்கள். பழைய இரும்புக்குப் போக இருந்த சின்னக் கார் ஒன்றை இழுத்து வந்து, பந்தயத்தில் ஓடுகிற மாதிரி ஆக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய பம்பு போட்டாயிற்று. அது தள்ளுகிற வேகத்துக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. ஆனால் வண்டி பிறந்தபோதே அதன் அடிவயிற்றில் ஓடவிட்ட இரும்புப் பைப்பு இருக்கிறதே, அது துருப்பிடிக்காமல் கல்லு மாதிரி இருந்தது. அதைப் பிடுங்கி எறிய சிவசங்கரிக்கு மனசு வரவில்லை. முனைகளை மட்டும் நேராக அறுத்து, அதில் பந்தய வண்டிக்குப் போடுகிற கனெக்டர்களை ஏற்றி, அங்கிருந்து கம்பி பின்னிய புது ஹோஸைக் கொண்டுபோனாள். டாங்குப் பக்கம் ஒரு ஜாயின்ட், மிச்சப் பெட்ரோல் திரும்பி வரும் பைப்பில் ஒன்று, இன்ஜினுக்குப் பெட்ரோல் போகிற முனையில் ஒன்று. மொத்தம் மூன்று.

இரண்டை முறுக்கி முடித்தாள். மூன்றாவதற்கு, பெட்ரோல் கசியாமல் அடைக்கிற வளையத்தை மாட்டும்போதுதான் வெட்டைப் பார்த்தாள். முழுப் பிரஷரும் வந்து முட்டுகிற இடம் அது. அதற்கு நேர் கீழேதான் சைலன்சர் பைப்பு பழுக்கக் காய்ந்துகொண்டு போகிறது. வளையத்தைக் கழற்றிக்கொண்டு, தூசு போகாமல் இருக்க நட்டைக் கையால் சும்மா நாலு திருகு திருகிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்போது பிரேம்குமார் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏன் என்றால் பொட்டு வைக்கவில்லையே.

அது அவர்கள் ஷெட்டின் சட்டம். முறுக்கி முடித்த நட்டு ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அப்பனே வந்து கேட்டாலும் வண்டியில் சாவி போடக் கூடாது. ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற பேச்சே கிடையாது. இத்தனை வருஷத்தில் அந்தப் பொட்டு ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை.

“இந்தா, பெட்ரோலுக்குன்னே வர்ற ரகம். ஊறாது,” என்று ஜானகிராமன் ஒரு புது வளையத்தை நீட்டினார். சிவசங்கரி அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு புருஷனுக்குப் போன் அடித்தாள். எடுத்தது அவள் ஓர்ப்படி, பிரேம்குமாரின் அண்ணி தனக்கொடி.

“அக்கா, அவரு எங்க?”

“தம்பி போன இங்கயே மறந்துட்டுப் போயிட்டாப்ல சங்கரி. நீ எங்கடி போன? உன்னத்தான் தேடினாரு.”

“போயிட்டாரா? எங்க?”

“குருசுக்குப்பத்துக்கு. வண்டிக்குப் பூசை போட. பத்தரைக்கு ராவு காலம் பொறந்துடும், அதுக்குள்ள போட்டுடணும்னு பாப்பாவயும் தூக்கி உக்கார வச்சிகினு கெளம்பிட்டாரு. உன்ன நேரா கோயிலுக்கு வரச் சொன்னாரு.”

“எந்த வண்டிக்கு?”

“இதென்னா கேள்வி? புதுசா பண்றீங்களே, அந்தக் காருக்குத்தான்.”

“அக்கா, அந்த வண்டிய எடுக்க முடியாதுக்கா. வேல முடியல. ஒரு ஜாயின்ட்டுக்குப் பொட்டே வைக்கல நானு.”

“அதான் நான் வச்சிட்டனே,” என்றாள் தனக்கொடி.

“என்னா வச்ச?”

“பொட்டு. காலைல ஷெட்டு பூராவும் பொட்டு வச்சிகினு வந்தேன். ஸ்பேனரு, ஜாக்கி, வெல்டிங் மிஷினு எல்லாத்துக்கும். காரு மூஞ்சியும் தொறந்து கெடந்துது. எட்டிப் பாத்தா நீ முன்னாடியே ஒண்ணுக்கு அழகா பொட்டு வச்சிருக்க, பக்கத்துல இருக்கறத உட்டுட்ட. ஒண்ணுக்கு வச்சி ஒண்ணுக்கு வைக்காம உட்டா நல்லாவா இருக்கும், பூசை நாள்ல? அதான் குங்குமத்தக் கொழைச்சி அதுக்கும் நானே வச்சேன். ஏன், எதுனா தப்பா?”

தப்பா என்று கேட்டால் என்ன சொல்வது? பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பொட்டு எதற்கு என்று தனக்கொடிக்கு யாரும் சொல்லவில்லை. ஷெட்டுப் பேச்சு ஷெட்டோடு. அவள் பாவம், பூசையில் குறை வைக்கக் கூடாது என்று நல்ல மனசோடு வைத்திருக்கிறாள். பிரேம்குமார் குளித்துவிட்டு வந்து பார்த்திருப்பான். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் சிவப்பு. முடித்துவிட்டுத்தான் பூ வாங்கப் போயிருக்கிறாள் என்று சாவியைப் போட்டிருப்பான்.

“எப்பக்கா கெளம்புனாரு?”

“அர மணி இருக்கும். ஏய் சங்கரி, என்னாடி, கொரலு ஒரு மாதிரி இருக்குது?” என்றவள், தானாகவே இன்னொன்றையும் சொன்னாள். “பாப்பாவுக்கு ஒரே குஷி. கற்பூரம் காட்டும்போது அவதான் சாவியத் திருப்பணுமாம். பொண்ணு கையால ஸ்டாட்டு பண்ணாத்தான் யோகம்னு தம்பி சொல்லிட்டாரு.”

போன் கையிலிருந்து நழுவியது. ஜானகிராமன் பிடித்துக் கொடுத்தார்.

அவள் மனசுக்குள் வண்டி ஓடியது. கையால் திருகிய நட்டு முதலில் தாங்கும். உள்ளே வளையம் இல்லை. இன்ஜின் சூடேறி அதிர அதிர, கொஞ்சம் கொஞ்சமாக விடும். அரியாங்குப்பம் வருவதற்குள் கசிய ஆரம்பித்திருக்கும். பெட்ரோல் வாசனை வந்திருக்காதா, நிறுத்திப் பார்த்திருக்க மாட்டானா என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள். ஆனால் பிரேம்குமாரின் மூக்கு தின்னரிலும் பெயிண்டிலும் ஊறிச் செத்துப் பல காலம் ஆகிறது. அடுப்பில் குழம்பு தீய்ந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். வழியில் தீப்பிடிக்காமல் போய்ச் சேர்ந்தாலும் அங்கே என்ன காத்திருக்கிறது? பானெட்டைத் திறந்து வைப்பார்கள். இன்ஜினுக்கு நேராகக் கற்பூரம் காட்டுவார்கள். ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசுப் பூவிழி சாவியைத் திருப்புவாள். சாவி திரும்பியதும் பம்பு ஓடி, நிறைந்த பிரஷரில் பெட்ரோலை அந்த ஜாயின்ட்டுக்கு அனுப்பும்.

“அண்ணே, குருசுக்குப்பத்துல யாரயாவது தெரியுமா உங்களுக்கு? அம்மன் கோயிலாண்ட இருக்கறவங்க? கற்பூரம் ஏத்த வேணாம்னு சொல்லணும். எம் பொண்ணு வண்டிக்குள்ள இருக்கறா.”

“படகு இன்ஜின்காரங்க ரெண்டு பேரு இருக்காங்க. நான் அடிக்கிறேன். நீ போம்மா, நீ மொதல்ல போ,” என்றார் அவர்.

பூசை நாளில் ஊரைக் கடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். அன்றைக்குக் காமராசர் சாலையில் ஸ்கூட்டரே நுழையவில்லை. ஆட்டோவெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஆடி ஆடி வந்தது. தண்ணி லாரிக்கு மாலை, மினி பஸ்ஸுக்கு மாலை, கரும்பு ஜூஸ் மிஷினுக்குக்கூட மாலை. ராஜா தியேட்டர் சிக்னலில் சிவப்புத் தொப்பிக் காவலர் கையை நீட்டி நிறுத்தினார். சிவசங்கரி நிற்கவில்லை. அவர் விசில் ஊதியது முதுகில் கேட்டது.

கடைக்குக் கடை உடைத்த பூசணிக்காய் ரோட்டில் நசுங்கிக் கிடந்தது. நமக்குத் திருஷ்டி கழிய வேண்டும், பின்னால் வருகிறவன் விழுந்து கால் உடைந்தால் அவன் தலையெழுத்து. இந்த நியாயத்தை எந்தச் சாமி ஏற்றுக்கொண்டதோ தெரியவில்லை. அஜந்தா சிக்னல் தாண்டித் திரும்பும்போது முன் சக்கரம் ஒரு பூசணித் துண்டில் ஏறி வழுக்கியது. காலை ஊன்றினாள். செருப்பு ஒரு பக்கம் போயிற்று, முட்டி ரோட்டில் உராய்ந்தது. பூக்காரி ஒருத்தி “ஐயோ, பாத்து!” என்று எழுந்தாள். வண்டி சாய்ந்தது, ஆனால் அணையவில்லை. தூக்கி நிறுத்தி ஒற்றைச் செருப்போடு முடுக்கினாள்.

அவளுக்குப் பயமாக இருந்தது. வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. எந்தச் சாமியை வேண்டுவது? அந்தச் சாமிக்கு முன்னால்தானே இப்போது நெருப்பை ஏற்றப் போகிறார்கள். ‘பூவு, சாவியத் தொடாத. பூவு, தொடாத’ என்று மட்டும் உதடு சொல்லிக்கொண்டே இருந்தது. போன் இடுப்பில் அதிர்ந்தது. ஜானகிராமனாக இருக்கும். எடுத்தால் ஒரு கையால்தான் ஓட்ட வேண்டும். எடுக்கவில்லை. பேசி முடித்திருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பேசிப் பயனில்லை.

கடல்காற்று முகத்தில் அடித்தபோது கோயில் பம்பை மேளத்தின் சத்தமும் கேட்டது. அவ்வளவுதான், அந்தச் சத்தத்தில் எவன் போன் எடுப்பான் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. குப்பத்து அம்மன் கோயில் சின்னதுதான். ஆனால் பிரேம்குமார் ஷெட் போட்ட புதிதில் முதல் வண்டிக்கு அங்கேதான் பூசை போட்டான். அதிலிருந்துதான் கை விருத்தியானது என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. கோயிலுக்கு முன்னால் மீன் வேனும் ஆட்டோவும் வரிசையாக நின்றன. படகு இன்ஜின்களைக்கூடத் தோளில் தூக்கி வந்து மணலில் நட்டு மாலை போட்டிருந்தார்கள். வரிசையின் தலையில், அம்மனுக்கு நேர் எதிரே, அவர்களுடைய கார். நீலப் பெயிண்ட் வெயிலில் மின்னியது. பானெட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“கற்பூரத்த ஏத்தாதீங்க!” என்று கத்திக்கொண்டே ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பம்பை அவள் குரலை விழுங்கிவிட்டது.

“ஏம்மா, வரிசைல வா,” என்று ஒரு ஆட்டோக்காரன் கையை மறித்தான். அந்தக் கைக்கு அடியில் புகுந்து ஓடினாள்.

பின் கண்ணாடி வழியாகப் பூவிழியின் தலை தெரிந்தது. இரட்டைப் பின்னல், கனகாம்பரம். சீட்டில் தலையணை போட்டு ஏற்றி உட்கார வைத்திருந்தான். ஒரு கை ஸ்டீரிங்கில், ஒரு கை சாவியில். முன்னால் பானெட் மறைத்ததால் அவளுக்குப் பூசாரி தெரியவில்லை. வலது பக்கம் முன் சக்கரத்தை ஒட்டிக் கைகூப்பி நின்ற அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தலையாட்டுவான், அவள் திருப்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு என்று அந்தத் தலை திரும்பியிருந்த விதத்திலேயே தெரிந்தது.

அம்மாவாசை என்கிற அந்தப் பூசாரி தட்டோடு முன்னால் நின்றார். தட்டில் கைப்பிடிக் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்தது. ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றுக்குத் தட்டு இன்ஜின் பக்கம் தாழ்ந்தது.

சாவிக்குப் போவதா, கற்பூரத்துக்குப் போவதா? கதவுப் பக்கம் ஆள் அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கு முன்னால் இடது பக்கம் மட்டும் சந்து இருந்தது. சந்தில் பாய்ந்தாள். பாயும்போதே மூக்கில் பெட்ரோல் ஏறியது. மூன்றாவது ஜாயின்ட்டுக்கு அடியில் பளபளவென்று ஈரம். நட்டின் மேல் தனக்கொடி வைத்த பொட்டு கரைந்து சிவப்பாக வழிந்திருந்தது.

தட்டைத் தட்டிவிட்டால் நெருப்பு நாலு பக்கமும் பறக்கும். ஊதினால் கற்பூரம் அணையாது. இதெல்லாம் யோசித்தாளா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. இடது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். வலது உள்ளங்கையை விரித்து, எரிகிற கற்பூரத்தின் மேல் வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே நின்றாள். கை தீய்கிற வாடை அவளுக்கே வந்தது. எடுக்கவில்லை.

கற்பூரம் அணைந்தது.

பம்பை நின்றது. அம்மனுக்கு முன்னால், பூசாரி கையில் இருக்கிற தட்டில், புது வண்டிக்குக் காட்டுகிற கற்பூரத்தைக் கையால் அமுக்கி அணைத்த பொம்பளையை அந்தக் குப்பம் அதுவரை பார்த்ததில்லை.

“அடிப்பாவி!” என்று முதலில் கத்தியது ஒரு கிழவி. அதற்குப் பிறகு எல்லாரும் கத்தினார்கள். “யாருடா இவ?” “பேயா புடிச்சிருக்கு?” “ஆத்தா எதிர்ல பண்ணிட்டாளே!” அம்மாவாசை தட்டை அவள் கையிலேயே விட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கினார்.

பிரேம்குமாரின் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. “சங்கரி! என்னாடி பண்ண? அபசகுனமா…” கோபத்தில் அவள் பக்கம் தலையை வெடுக்கென்று ஆட்டினான்.

பூவிழி அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா தலையாட்டிவிட்டார்.

“திருப்பாத!” என்று சிவசங்கரி கத்தினாள். சின்னக் கைக்கு முதல் திருப்பு மட்டும்தான் வந்தது. அது போதும். பின்னால் டாங்குக்குள் பெரிய பம்பு வீலென்று ஊளையிட்டது. மூன்றாவது ஜாயின்ட் பிடுங்கிக்கொண்டு, பெட்ரோல் விசிறி போலப் பீய்ச்சி அடித்தது. சிவசங்கரியின் கழுத்திலிருந்து முழங்கால் வரை நனைந்தது. அவள் கையில் இருந்த பூசைத் தட்டு நிரம்பி வழிந்தது. செத்துப்போன கற்பூரத் துண்டுகள் அந்தப் பெட்ரோலில் மிதந்தன.

இரண்டு வினாடி ஓடிவிட்டுப் பம்பு தானாக நின்றது.

திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்தத் தட்டையே பார்த்தார்கள். திட்டிய கிழவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

“யாரும் நெருப்பு பத்த வைக்காதீங்க,” என்றாள் சிவசங்கரி. கத்துவதற்குத் தெம்பு இல்லை. “ஊதுவத்திய அணைங்க. அந்த ஆட்டோ மேல பூசணிக்கால எரியற கற்பூரத்த அணைங்க.”

முதலில் அசைந்தது அம்மாவாசைதான். திரும்பி ஓடி, அம்மன் முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கைத் தானே வேட்டித் தலைப்பால் அமுக்கினார். “மண்ணு போடுங்கடா!” என்று உள்ளிருந்தே கத்தினார். குப்பத்து ஆட்கள் இரண்டு கையாலும் மணலை வாரி வாரிப் போட்டார்கள். ஆட்டோ மேலிருந்த கற்பூரத்தின் மேலும் மண், வத்தி மேலும் மண், காரின் இன்ஜின் மேலும் மண். அவள் மாதக் கணக்கில் துடைத்துத் துடைத்து வைத்த இன்ஜின். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

பிரேம்குமார் ஜாயின்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். “பொட்டு இருந்துதே சங்கரி,” என்றான். “மூணுக்கும் இருந்துது. நான் பாத்துட்டுத்தான் எடுத்தேன்.”

“அது அக்கா வச்ச குங்குமங்க. நான் வைக்கல.”

அவன் விரலால் அந்த நட்டைத் தொட்டான். விரல் சிவந்தது. அந்த விரலைப் பார்த்தான்.

அப்போதுதான் கார்க் கதவு திறந்தது. “அம்மா!” என்று பூவிழி குதித்து ஓடி வந்தாள். அம்மா எல்லார் முன்னாலும் நனைந்து நிற்கிறாள், எல்லாரும் அம்மாவைத் திட்டினார்கள், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

இந்தக் குழந்தைக்காகத்தான் ஊரைக் குறுக்கே பிளந்துகொண்டு ஓடி வந்தாள் சிவசங்கரி. அவளை வாரி மார்போடு அணைக்க வேண்டும் என்று உடம்பு முழுக்கத் தவித்தது. ஆனால் அந்த உடம்பு முழுக்கப் பெட்ரோல். எந்த மூலையில் எந்தத் திரி இன்னும் புகைந்துகொண்டிருக்கிறதோ. அவள் பின்னால் நகர்ந்தாள்.

“கிட்ட வராத பூவு!”

குழந்தை நின்றது. பிறகு இன்னும் வேகமாக வந்தது.

“வராதன்னு சொல்றேன் இல்ல! புடிங்க அவள. ஏங்க, அவளப் புடிங்க!” என்று கத்திக்கொண்டே சிவசங்கரி பெற்ற பிள்ளையை விட்டு ஓடினாள். ஒற்றைச் செருப்பும் கழன்று விழ, கோயிலைச் சுற்றி, வலை காய்கிற இடம் தாண்டி, கருங்கல் சரிவில் இறங்கி, கடலை நோக்கி ஓடினாள். பின்னால் பூவிழி வீறிட்டு அழுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பிரேம்குமார் பிடித்துவிட்டான் என்பது அந்த அழுகை ஒரே இடத்தில் நின்றதிலிருந்து தெரிந்தது.

இடுப்பளவுத் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தாள். வெந்த உள்ளங்கையில் உப்புத் தண்ணீர் பட்டபோது உயிரே போயிற்று. குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் கரைக்கு வந்துவிட்டார்கள். அவர்களில் அந்தக் கிழவியும் இருந்தாள். அவளே குடத்தில் நல்ல தண்ணீர் கொண்டு வந்து, “உக்காரு தாயி,” என்று சிவசங்கரியின் தலையில் ஊற்றினாள். சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள். புடவை ஒன்றைச் சுற்றி மறைத்துக்கொண்டு, நனைந்த சுடிதாரைக் கழற்றித் தூர எறிந்தார்கள். யாருடைய நைட்டியையோ மாட்டிவிட்டார்கள். “இன்னும் வாடை வருதா?” என்று ஒவ்வொரு குடத்துக்கும் கேட்டாள் சிவசங்கரி. வரவில்லை என்று அவர்கள் சொன்ன பிறகும் இன்னொரு குடம் ஊற்றச் சொன்னாள்.

பிரேம்குமார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சரிவுக்கு மேலே வந்து நின்றான். இறங்கி வரலாமா கூடாதா என்று தெரியாமல் அவன் கால் அங்கேயே நின்றது. பூவிழி அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். கனகாம்பரம் பிய்ந்து தோளில் தொங்கியது.

“அம்மா,” என்றாள் அங்கிருந்தே. கிட்டே வரக் கூடாது என்று சொன்னதை இப்போது கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். “நான் தப்பாத் திருப்பிட்டனா? அதான் நீ ஓடிட்டியா?”

சிவசங்கரி குடத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“அப்பா தலையாட்டுனாரும்மா. நான் பாத்தேன். அதுக்கப்பறந்தான் திருப்புனேன்.”

பிரேம்குமார் குழந்தையை இறக்கி விட்டான். நின்ற இடத்திலேயே கருங்கல்லில் உட்கார்ந்தான். நான் ஆட்டவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். பிறகு நினைவு வந்திருக்க வேண்டும். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

சிவசங்கரி அவனைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். வெந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“நீ சரியாத்தான் கண்ணு திருப்புன,” என்றாள். “வா. இப்ப வரலாம், அம்மாகிட்ட வா.”